எம்14 துப்பாக்கியை எம்1 கேரண்டாக ஒப்பேற்றலாமா?

கேள்வி இதுதான். கேட்டவர் இங்கிலாந்தில் இருக்கிறார், ஒரு வருடமாக ஏர்சாஃப்ட் (மாதிரித் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டு சுடும் போர் ஆட்டம்) விளையாடுகிறார். இரண்டாம் உலகப்போரின் நார்மண்டி 1944 என்ற கருவில் இரண்டு நாள் ஆட்டத்துக்கு நண்பர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், அமெரிக்கர் பக்கம். அவர் கையில் இருப்பது மர நிறக் கட்டை போட்ட ஒரு எலெக்ட்ரிக் எம்14. அதையே அன்றைய அமெரிக்கச் சிப்பாயின் ரைபிளான எம்1 கேரண்டுக்குப் பதிலாகக் கொண்டுபோகலாமா, இல்லை அதை விற்றுவிட்டு நிஜமான கேரண்ட் மாதிரியை வாங்க வேண்டுமா, அல்லது செலவு குறைந்த வேறு வழி இருக்கிறதா?

கொண்டுபோகலாம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனேன். ஆனால் பதிலித் துப்பாக்கி என்றதும் எல்லோரும் அது பார்க்க எப்படி இருக்கும் என்று மட்டும் கவலைப்படுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அது எப்படிச் சுடுகிறது என்பதுதான். இருபது மீட்டரில் புல்லுக்குள் படுத்திருப்பவர் கையில் இருப்பது எம்14-ஆ கேரண்டா என்று பெரும்பாலானவர்களால் சொல்லவே முடியாது. ஆனால் அங்கிருந்து நொடிக்குப் பதினைந்து குண்டு சீறி வந்தால், அந்த நிமிடமே 1944 முடிந்துபோகிறது. எதிரில் போல்ட் இழுத்து இழுத்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும் ஜெர்மன் வேடக்காரருக்கு இரண்டு நாளும் வீண்.

முதலில் இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்கிறேன், எதை மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்தே புரியும். கேரண்டை வடிவமைத்தவர் ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதசாலையில் வேலை பார்த்த ஜான் கேரண்ட். அமெரிக்க ராணுவம் அதை 1936-இல் ஏற்றுக்கொண்டது. எட்டுக் குண்டுகளைக் கவ்விய ஒரு தகடு கிளிப்பை மேலிருந்து உள்ளே தள்ளுவார்கள், வெளியே மேகசின் எதுவும் தெரியாது, கட்டையின் அடிப்பக்கம் வழுவழுவென்று நேராக ஓடும். 1957-இல் வந்த எம்14 அதே குடும்பத்துப் பிள்ளை. பின்பக்கக் குறிப்பார்வை, ரிசீவரின் உருவம், விசைக்கூண்டு எல்லாம் கிட்டத்தட்ட அப்பா ஜாடை. நீளமும் பெரிதாக மாறவில்லை, கேரண்ட் சுமார் 110 சென்டிமீட்டர், எம்14 சுமார் 112. மாறியது மூன்று இடங்கள். அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் இருபது குண்டு மேகசின், குழல் நுனியில் சுடர் மறைப்பான், அப்புறம் முன்பக்க மரம். கேரண்டில் குழலின் பெரும்பகுதியை மரம் மூடியிருக்கும், வாய்க்குச் சற்று முன்னால் வாயு சிலிண்டர் வரும். எம்14-இல் கட்டை சீக்கிரமே முடிந்துவிடும், அதற்கு அப்பால் குழல் அம்மணமாக நிற்கும்.

இந்த மூன்றையும் கவனித்தால் போதும். எல்லாவற்றிலும் கண்ணில் முதலில் அறைவது மேகசின். சிலர் குட்டை மேகசின் வாங்கிப் போடுகிறார்கள், கிடைத்தால் அதுவே நல்லது. எனக்கு அப்போது கிடைக்கவில்லை. நடுத்தர அளவு குண்டு பிடிக்கும் ஒரு பழைய மிட்கேப் மேகசினைப் பிரித்தேன். உள்ளே பிபி குண்டுகள் போகும் பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். மேல் வளைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஆக்ஸா பிளேடால் அறுத்து, ஸ்பிரிங்கையும் அதே அளவுக்கு வெட்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை ஒட்டினேன். வெட்டிய விளிம்பை அரம் போட்டு வழவழப்பாக்காமல் விட்டால் குண்டு அந்த இடத்தில் சிக்கும், முதல் மேகசினில் எனக்கு அதுதான் நடந்தது. நாலாவது குண்டுக்கு மேல் ஏறவில்லை, திரும்பப் பிரித்து உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்த பிறகுதான் சரியானது. இப்போது அது கட்டைக்கு வெளியே ஒரு விரல் கனம் மட்டும் தெரிகிறது. அதையும் மர நிறத்துக்கே அடித்துவிட்டேன், கட்டையோடு ஒன்றிப்போய்விட்டது.

சுடர் மறைப்பானைப் பல மாதிரிகளில் கழற்றிவிட முடியும். கழற்றியதும் குழல் வெறுமையாகத் தெரியும். அங்கேதான் முன்பக்க மரம் வேலை செய்கிறது. ஒரு உருளைக் கட்டையை வாங்கி, நடுவில் குழல் போகும் அளவுக்குத் துளைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து குழல்மேல் கவ்வ வைத்தால் கேரண்டின் முன் கைக்காப்பு மாதிரியே இருக்கும். பிளந்த கோடு பக்கவாட்டில் வராமல் அடியில் ஒன்று மேலே ஒன்று என்று வரும்படி வைக்க வேண்டும், அப்போது பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோடு தெரியாது. எம்14-இன் மேல் கைக்காப்பு பிளாஸ்டிக், அதன் பழுப்பு வேறு பழுப்பு, மரத்தோடு ஒட்டவே ஒட்டாது, அதையும் சேர்த்து நிறம் அடிக்க வேண்டும்.

நிறம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போலி மரம் என்று கடைகளில் வருவதில் பெரும்பாலானவை ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். நிஜப் போர்க்காலக் கட்டை வால்நட் மரம், எண்ணெய் ஊறி, கைபட்டு, மங்கிய அடர்பழுப்பு. நான் முதலில் வார்னிஷ் அடித்தேன். அது தப்பு. வெயிலில் அந்தக் கட்டை கண்ணாடி மாதிரி மின்னியது, வேலிக்குப் பின்னால் பதுங்கியிருந்த என்னை அதை வைத்தே கண்டுபிடித்துச் சுட்டார்கள். அப்புறம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு நிஜ மரத்துண்டுகளுக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் கொடுத்தேன். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்க்க வேண்டும், ஒரு நாள் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும், நாலைந்து தடவை. எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், வெளியில் விரித்துக் காயப்போடுங்கள். பிளாஸ்டிக் பகுதிகளுக்கு மங்கலான பழுப்பு அடித்து, மேலே உலர்ந்த தூரிகையால் இன்னும் அடர்ந்த நிறத்தை இழை இழையாக இழுத்தால் தூரத்துக்கு மரம்தான். கடைசியாக வார். பச்சை கலந்த காக்கி கான்வாஸ் வாரையோ பழைய பாணித் தோல் வாரையோ மாட்டிவிட்டால், பாதி வேலையை அந்த வாரே செய்துவிடுகிறது. இதே எம்14-இல் கறுப்பு நைலான் வார் தொங்கினால் செய்த மர வேலை எல்லாம் வீண்.

சட்டம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தோற்றத்தை மாற்றும் வேலை என்பதால். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டப்படி, நிஜத்துப்பாக்கி போலவே இருக்கும் மாதிரியைத் தயாரிப்பது, விற்பது, இறக்குமதி செய்வது மட்டுமல்ல, பளிச் நிறத்தில் வந்த மாதிரியை நிஜம்போல் மாற்றுவதும் குற்றம். ஏர்சாஃப்ட் ஆட்டத்துக்கும் வரலாற்று மறுநிகழ்த்தலுக்கும் விலக்கு இருக்கிறது, ஆனால் அந்த விலக்கு தனக்குப் பொருந்தும் என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். குறைந்தது 56 நாளுக்குப் பரவும்படி களத்தில் மூன்று ஆட்டமாவது ஆடி யூகாரா (பிரிட்டிஷ் ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கம்) பதிவு வாங்குவது இதற்காகத்தான். உங்கள் எம்14 பாதி நீலமோ பச்சையோ ஆக வாங்கியது என்றால், பதிவு கைக்கு வரும்வரை தூரிகையைத் தொடாதீர்கள். மர வேலை முடிந்த துப்பாக்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் காரிலிருந்து களம்வரை மூடிய பையில்தான் போக வேண்டும். தெருவில் பார்க்கிற ஆளுக்கு அது நிஜம்தான்.

சரி, இப்போது சுடுவது. கேரண்ட் ஒரு விசைக்கு ஒரு குண்டு. உங்கள் எம்14-இல் தானியங்கி நிலை இருக்கும், ரிசீவரின் வலப்பக்கம் பின்னால் ஒரு குமிழ். அதை ஒற்றைச் சுடலில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இதில் ஒரு நல்ல விஷயம், நிஜ எம்14-களில் பெரும்பாலானவை சிப்பாய்களுக்குத் தரப்பட்டபோதே அந்தக் குமிழுக்குப் பதில் ஒரு பூட்டு வைத்துத்தான் வந்தன, தானியங்கியில் அதைக் கட்டுப்படுத்தவே முடியவில்லை என்று. கேரண்டில் அந்த இடத்தில் எதுவும் இல்லாததால் குமிழைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், தோற்றத்துக்கும் நல்லது. நூற்றுக்கணக்கில் குண்டு பிடிக்கும், சக்கரம் திருகும் ஹைகேப் மேகசினைக் கொண்டுபோகவே வேண்டாம். நடக்கும்போது கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும், அதோடு மாற்றுவதற்கான அவசியமே வராது. இந்த ஆட்டத்தின் பயமும் பரபரப்பும் அந்த மாற்றும் நொடிகளில்தான் இருக்கிறது. எட்டே எட்டு என்று கண்டிப்பாக இருக்க வேண்டுமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லமாட்டேன். நிஜ குண்டு முந்நூறு மீட்டரையும் தாண்டிப் போகும், நம் ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு ஐம்பது மீட்டரில் காற்றுக்கு வளைந்துவிடும், இலை பட்டால் நின்றுவிடும். அதனால் ஒரு மேகசினுக்கு முப்பது அளவில் வைத்துக்கொண்டு, பத்துக்குள் ஒரு சுற்றுச் சுட்டதும் கொஞ்சம் நிறுத்தி இடம் மாறுவது என்று பழக்கப்படுத்திக்கொண்டேன். அமைப்பாளர்கள் வேறு எண்ணிக்கை சொன்னால் அதுதான் சட்டம்.

வேகமும் இதோடு சேர்ந்தது. பிரிட்டிஷ் சட்டம் தானியங்கியாகச் சுடக்கூடியதற்கு 1.3 ஜூல், ஒற்றைச் சுடல் மட்டும் உள்ளதற்கு 2.5 ஜூல் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலான களங்கள் அதற்கும் கீழே, 0.20 கிராம் குண்டில் நொடிக்கு 350 அடி, அதாவது சுமார் 1.14 ஜூல் என்று நிறுத்திவிடுகின்றன. கையால் போல்ட் இழுக்கும் ரைபிளுக்கு 500 அடிவரை விடுவார்கள், ஆனால் கிட்டத்தில் சுடக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச தூரம் இருக்கும். குமிழைப் பூட்டிவிட்டோம், இனி ஒற்றைச் சுடல்தானே என்று எலெக்ட்ரிக் எம்14-க்குள் பலமான ஸ்பிரிங்கைப் போட்டுவிடாதீர்கள். திருகாணியைக் கழற்றினால் திரும்ப வந்துவிடும் தானியங்கி, களத்திலும் அதைத் தானியங்கியாகத்தான் எண்ணுவார்கள்.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி, செலவு குறைந்த வேறு வழி. துப்பாக்கிக்கு வேடம் போடுவதைவிட, கையில் இருக்கும் துப்பாக்கிக்கு ஏற்ற ஆளாக நாம் மாறுவது பல சமயம் சுலபம், வரலாற்றுக்கும் அதுவே நேர்மை. அந்தப் போரிலேயே பலர் பதிலித் துப்பாக்கியோடுதான் நின்றார்கள். 1940-இல் பிரிட்டிஷ் படை பிரான்ஸின் டன்கிர்க்கில் ஆயுதங்களைப் போட்டுவிட்டு வந்த பிறகு, பிரிட்டனின் உள்நாட்டுத் தன்னார்வப் படையான ஹோம் கார்டுக்கு அமெரிக்காவிலிருந்து பழைய எம்1917 ரைபிள்கள் வந்தன. அதே உருவத்தில் பிரிட்டனிடமே பி14 என்ற ரைபிள் இருந்தது. எம்1917-க்கு அமெரிக்க .30-06 குண்டு, பி14-க்கு பிரிட்டிஷ் .303. பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதால் அமெரிக்கக் குண்டு போடுகிற ரைபிளின் கட்டையைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை அடித்துவைத்தார்கள். ஜெர்மானியர்களோ பிடித்த ஆயுதங்களுக்கெல்லாம் தங்கள் எண்ணும், எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஓர் எழுத்தும் கொடுத்து வழங்கினார்கள். பிரிட்டிஷ் ஸ்டென் அவர்கள் கணக்கில் எம்பி 749, ரஷ்யப் பிபிஎஸ்ஹெச் எம்பி 717, இரண்டும் சப்மெஷின் கன், அதாவது பிஸ்டல் குண்டைத் தானியங்கியாகச் சுடும் சிறு துப்பாக்கி. அதனால் ஜெர்மன் வேடத்தில் ஒருவர் பிபிஎஸ்ஹெச்சோடு வந்தால், கிழக்கு முனை ஆட்டம் என்றால், அதைத் தடுக்க எனக்கு மனம் வராது. நார்மண்டியில் என்றால் யோசிப்பேன்.

ஏர்சாஃப்டில் மலிவாகவும் அடிதாங்கியாகவும் கிடைப்பவை பெரும்பாலும் சப்மெஷின் கன்கள்தான். எம்பி40, தாம்சன், ஸ்டென் மூன்றும் எலெக்ட்ரிக்கில் நியாயமான விலைக்கு வருகின்றன. அதனால் என்ன ஆகிறது என்றால் களத்தில் ஆளுக்கொரு தாம்சன். 1944-இல் ஓர் அமெரிக்கக் காலாட்படை ஸ்குவாட் பன்னிரண்டு பேர், ஏட்டுக் கணக்குப்படி பத்து கேரண்ட், ஒரு ஸ்பிரிங்ஃபீல்ட் போல்ட் ரைபிள், ஒரு பிஏஆர் தானியங்கி ரைபிள். தாம்சன் அந்தப் பட்டியலிலேயே இல்லை, கையில் கிடைத்தவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு. அதற்கு இணையான ஜெர்மன் குருப்பேயில் தலைவர் கையில் ஓர் எம்பி40, ஒரு இயந்திரத் துப்பாக்கி, மீதிப் பேர் கர98கே போல்ட் ரைபிள். பிரிட்டிஷ் செக்‌ஷனில் கார்ப்பொரல் ஸ்டென் பிடிப்பார், ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கி, மற்றவர்கள் லீ என்ஃபீல்ட் ரைபிள். ஆகவே அமெரிக்கர் பக்கம் ஏற்கெனவே ஐந்து தாம்சன் வருகிறது என்றால், ஒப்பேற்றிய உங்கள் எம்14 அந்த ஐந்தையும்விட வரலாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தயங்காமல் போங்கள். செஞ்சேனை மட்டும் இதற்கு விலக்கு, அவர்களிடம் முழுக் கம்பெனியாகவே சப்மெஷின் கன் பிடித்தவர்கள் இருந்தார்கள்.

மலிவாக ஒரு போல்ட் ரைபிள் வேண்டும் என்றால் கர98கே மாதிரிதான் எளிது, பல கம்பெனிகள் செய்கின்றன. அதை ஸ்பிரிங்ஃபீல்ட் எம்1903-க்குப் பதிலாகக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். உறவு இருக்கிறது, கர98கே ஒரு ஜெர்மன் மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டும் மவுசர் அமைப்பைப் பார்த்துச் செய்ததுதான், அமெரிக்க அரசு மவுசர் கம்பெனிக்கு உரிமைத்தொகையே கட்டியது. ஆனால் கட்டையின் வளைவும் முன்பக்க வளையங்களும் வேறு, பக்கவாட்டில் வார் மாட்டும் துளை வேறு காட்டிக்கொடுக்கும். அதைவிட அந்த கர98கே-வை வைத்துக்கொண்டு யூகோஸ்லாவியப் பார்ட்டிசானாகவோ வார்சா எழுச்சியின் போலந்து ஹோம் ஆர்மிக்காரராகவோ போங்கள். பிடித்த ஜெர்மன் ஆயுதம்தான் அவர்களுடைய ஆயுதம், போலந்துக்காரர் என்றால் சாதாரண உடையும் வெள்ளை சிவப்புக் கைப்பட்டையும் போதும். 1944 ஆகஸ்ட் 1-இலிருந்து அக்டோபர் 2வரை 63 நாள் அப்படி நின்றவர்கள் அவர்கள். ஆட்டம் நார்மண்டி என்றால் அதே மாதிரி பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தார், விமானத்திலிருந்து போட்ட ஸ்டென்னோடு. பிற்காலத்து ரஷ்ய ஏகே-யைத் துணி சுற்றி ஜெர்மன் எஸ்டிஜி44 ரைபிள் என்று கொண்டுவருபவர்களுக்கு மட்டும் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். வளைந்த மேகசினால் தூரத்தில் ஜாடை ஒன்றாகத் தெரியலாம், கிட்டத்தில் இரண்டும் வேறு வேறு, எஸ்டிஜி44 மாதிரியும் கிடைக்காத பொருள் அல்ல.

நம் ஆட்கள் யாராவது தாம்சன் வாங்கிவிட்டு என்ன வேடம் போடலாம் என்று யோசித்தால், என் மனதுக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. இத்தாலி, 1944, மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் படை. ஸ்டென் பெரும்பாலும் வடமேற்கு ஐரோப்பாவுக்குப் போனது, இத்தாலியில் பிரிட்டிஷ் எட்டாவது சேனையினர் தாம்சனைத்தான் தொடர்ந்து பயன்படுத்தினார்கள், ஆகவே துப்பாக்கி அப்படியே பொருந்தும். பிரிட்டிஷ் உடை, 37 பேட்டர்ன் வெப்பிங் (கான்வாஸ் பட்டைகளும் பைகளும்), தட்டு மாதிரி ஹெல்மெட் எல்லாம் மறுஉற்பத்தியில் கிடைக்கின்றன. இந்தப் படையினருக்கு ராணுவத்தில் இன்றுவரை பெயர் ‘தம்பி’. சுபேதார் சுப்ரமணியன் இவர்களில் ஒருவர், பதினோராவது ஃபீல்ட் பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று மிக்னானோ அருகே, வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் தன் உடலைப் போட்டுக் கூட வந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார், ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். நான் இந்த வேடம் போடும்போது கண்ணிவெடி அகற்றிய பாதையைக் காட்டப் போடும் வெள்ளை நாடா ஒரு சுருள் கையில் வைத்திருப்பேன். பதக்கம் மட்டும் குத்திக்கொள்ளமாட்டேன், அது அவர்களுடையது. ஆட்ட இடைவேளையில் நீங்கள் யார் வேடம் என்று யாராவது கேட்பார்கள், அப்போது சொல்வதற்கு இந்தக் கதை இருக்கிறது. பத்து நிமிடம் நின்று கேட்பார்கள், இதுவரை ஒருவர்கூட நடுவில் எழுந்து போனதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எம்14-ஐ இப்போது விற்காதீர்கள். முதலில் மேகசினையும் வாரையும் மட்டும் சரிசெய்து, குமிழைப் பூட்டி, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அமைப்பாளருக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதிலிக்கான விதி ஒவ்வொரு மாதிரி. சிலர் பதிலியே கூடாது என்பார்கள், அவர்களோடு வாதாடாமல் அந்த ஆட்டத்துக்கு மட்டும் களத்திலோ நண்பரிடமோ ஒரு துப்பாக்கியை இரவல் வாங்கிக்கொள்ளலாம். சரி என்று பதில் வந்தால் முன் கைக்காப்பு மரத்தைத் தொடங்குங்கள். எண்ணெய் காய்வதற்கே ஒரு வாரம் போகும் என்பதால் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்னாலாவது கட்டை கைக்கு வந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அதை எடுத்துப்போய் வேகம் அளந்து, நாலு மேகசின் சுட்டுப் பாருங்கள். வெட்டிய மேகசின் சிக்குமானால் அது அங்கே சிக்கட்டும்.